ஆயா வீட்டில் காற்றும் மழையும்



சமூக அறிவியல் பாடத்தில் டீச்சர் எங்களுக்கு நார்வே நாட்டுப் படம் காட்டினாங்க. லொஃபோட்டன் தீவுகளில் கடல் ஓரப் பாறை மேல், கால் ஊன்றி நிற்கும் சிவப்பு மரக்குடில்கள். அதற்கு ரோர்பூ என்று பெயர். குளிர்காலத்தில் காட் மீன் பிடிக்க வரும் மீனவர்கள் தங்குவதற்காகக் கட்டியவை. இப்போது சுற்றுலா வருபவர்கள் வாடகை கொடுத்துத் தங்குகிறார்கள். காற்றும் மழையும் அடிக்கும்போது உள்ளே உட்கார்ந்து கடலைப் பார்ப்பதில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷமாம். எனக்கு அது புதுசாகத் தெரியவில்லை. எங்க ஆயா வீட்டில் நானும் அப்படித் தங்கி இருக்கிறேன், அதுவும் வாடகை இல்லாமல்!

ஆயா வீடு பழவேற்காடு பாலம் தாண்டி ஒரு குப்பத்தில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்துப் போக வேண்டும். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பழவேற்காடு ஏரி. ஒடிசாவில் உள்ள சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இதுதான். இரண்டுக்கும் நடுவில் உள்ள மணல் திட்டில்தான் வீடு.

அது ஓலைக் குடிசை. ஆனால் சும்மா கட்டியது இல்லை. கூரை இறப்பு ரொம்பத் தாழ்வாக இருக்கும், குனிந்துதான் போக வேண்டும். அப்போதுதான் காற்று மேலே ஏறிப் போய்விடும். வாசல் கடலைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்து இருக்கும். மழைக்காலம் வந்தால் பழைய வலையைக் கூரை மேல் போர்த்தி, ஓரத்தில் மணல் மூட்டை கட்டித் தொங்க விடுவார்கள். உள்ளே ஆயா கருவாட்டுக் குழம்பு வைக்கும். வெளியே ஹோ என்று சத்தம், உள்ளே சூடு. எங்க லைன் வீட்டு ஷீட் கூரையில் மழை பெய்தால் பேசுவதே கேட்காது. ஓலையில் மழைச் சத்தம் மெதுவாகத்தான் கேட்கும்.

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது மிக்ஜாம் புயல் வந்தது. 2023 டிசம்பர் 2, சனிக்கிழமை. புயல் வருகிறது என்று டி.வி.யில் சொன்னதும், ஆயாவை அழைத்து வர அம்மாவும் நானும் போனோம். மாமா படகைக் கரை மேலே இழுத்துக் கட்டி விட்டு, அத்தையோடு புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போகலாம் என்றார். ஆயா மட்டும், "நீங்க போங்க, நான் வரல" என்று உட்கார்ந்து விட்டது. கும்மிடிப்பூண்டிக்கும் வரவில்லை.

வலையும் ஆட்டையும் விட்டு வர மனசு இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ராத்திரி படுத்திருக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னது. "முன்னாடி ஒரு மழைக்கு ஒரு கூடத்துல தங்குனேன் பாப்பா. பொம்பளைங்க பாத்ரூம்ல லைட்டு இல்ல, கதவுக்குத் தாப்பா இல்ல. தண்ணி குடிச்சா போவணுமேன்னு ரெண்டு நாள் தண்ணியே குடிக்கல. காச்சல் வந்துடுச்சு." எனக்குத் தொண்டை அடைத்தது. எங்க ஆயா காத்துக்கும் கடலுக்கும் பயப்படாது. ஒரு தாழ்ப்பாள் இல்லாததற்குத்தான் பயந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை முழுதும் மழை. இருட்டும் நேரத்தில் ஆயா வெளியே போய் நின்று, முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "காத்து சுத்துது. கடல்லேர்ந்து வந்தது இப்ப ஏரிப் பக்கம் போவுது. வாசல்ல பூந்தா கூரையைத் தூக்கிடும். ஏரித் தண்ணியும் நம்ம பக்கம் ஏறும். கெளம்புங்க" என்றது.

இதற்குக் காரணம் பிறகு அறிவியல் சாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம் பக்கத்துப் புயல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். அது நமக்குக் கிழக்கே கடலில் இருந்து வடக்கே நகர்ந்தால், நமக்குக் காற்று முதலில் வடகிழக்கில் இருந்தும், அப்புறம் வடக்கில் இருந்தும், கடைசியில் மேற்கில் இருந்தும் அடிக்கும். ஆயா பள்ளிக்கூடமே போனது இல்லை. ஆனால் சார் சொன்னதை ஆயா அன்றைக்கே சொல்லி விட்டது.

ரேஷன் கார்டு, பேங்க் புக், வலை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு மூடி எடுத்துப் போனோம். மையம் தூண்கள் மேல் கட்டிய கட்டிடம். தண்ணீர் வந்தால் அடியில் ஓடிவிடும். நார்வே குடில் கால் ஊன்றி நிற்பது போலத்தான். ஆடுகளைப் படிக்கட்டில் கட்டினோம். அங்கேயும் ஒரு பாத்ரூம் கதவில் தாழ்ப்பாள் உடைந்து இருந்தது. அத்தை வலைக்கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டுக் கொக்கி மாதிரி செய்தாங்க. நான் டார்ச் பிடித்தேன். மூன்று பேராகச் சேர்ந்துதான் போவது என்று பெண்கள் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஆயா இரண்டு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தது. அன்றைக்கு நான் ரொம்பச் சந்தோஷப்பட்டது அதற்குத்தான்.

டிசம்பர் 5-ஆம் தேதி புயல் ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரை கடந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தோம். வாசல் பக்கக் கூரை பிய்ந்து, தரை எல்லாம் ஏரிச் சேறு. "கூரை போனா வேயலாம்" என்று சொல்லி ஆயா துடைப்பத்தை எடுத்தது.

தோழர்களே, தோழிகளே! கடல் ஓரத்துக் குடிசையில் மழை கேட்டுத் தூங்குவது நல்ல சுகம்தான். ஆனால் எழுந்து போக வேண்டிய நேரத்தில் போவதற்கு ஒரு நல்ல இடம் வேண்டும். அங்கே பெண்கள் கூச்சம் இல்லாமல் தங்க முடிந்தால்தான் எங்க ஆயா மாதிரி ஆட்கள் நேரத்தோடு கிளம்புவார்கள். நமக்கு மழை அதிகம் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். அதற்கு முன்னாலேயே உங்கள் ஊர் மையத்தைப் போய்ப் பாருங்கள். விளக்கு எரிகிறதா? தாழ்ப்பாள் இருக்கிறதா? குழாயில் தண்ணீர் வருகிறதா? இல்லை என்றால் அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபையில் எழுந்து கேட்கும்படி உங்க அம்மாவிடமும் ஆயாவிடமும் சொல்லுங்கள். அவசரம் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற இலவச எண்ணில் பேசலாம். ஒரு தாழ்ப்பாளுக்கு அதிகம் செலவு ஆகாது.

வருமுன் காப்போம்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி