மறந்து வந்த சாவி

நம் பழைய மாணவர் சங்கத்தின் இணையத்தளத்தைப் புதிய வழங்கிக் கணினிக்கு மாற்றும் பொறுப்பு சென்ற ஆண்டு அடியேனிடம் ஒப்புவிக்கப்பட்டது. பக்கங்கள் யாவும் செவ்வனே சென்று சேர்ந்தன. தளத்தின் முகவரியையும் புதிய இடத்துக்குத் திருப்பினேன். பாதுகாப்புச் சான்றிதழைப் பிரதி செய்து வைத்திருந்தும் புதிய வழங்கி அதனை ஏற்காது, தனக்குத் தானே எழுதிக்கொண்ட சான்றொன்றைக் காட்டி நின்றது.

அன்றிரவே கல்லடியிலிருந்து என் கணித ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, வறிய மாணவர் நிதிக்குப் பணம் அனுப்ப வந்தேன். பாதுகாப்பற்ற இடம் என்றல்லவா வாசலில் எழுதியிருக்கிறது!" நாணித் தலைகுனிந்தேன்.

சான்றிதழ் எவரும் காணத்தக்க பத்திரமே. அதற்குரியவர் நாமே என மெய்ப்பிப்பது அதனோடு இணைந்த மறைசாவி. அதனையன்றோ பழைய வழங்கியில் விட்டு வந்தேன்! மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளலாம் என்றார் நண்பரொருவர். இடைவழியில் பிறர் கைப்பட்டால் நம் பெயரிலேயே போலித்தளம் நடத்துவர். ஆதலின் நான் இசையவில்லை.

நல்லவேளையாகப் பழைய வழங்கி இன்னும் இயங்கிக்கொண்டிருந்தது. 2013இல் கல்லடியில் புதிய பாலம் திறந்தபோதும் 1928ஆம் ஆண்டின் இரும்புப் பாலத்தை அகற்றவில்லையே! மறைகுறியிட்ட வழியாகச் சாவியைக் கொணர்ந்து வைத்தேன். நள்ளிரவுக்குச் சற்று முன் ஆசிரியரின் ஐயாயிரம் ரூபாய் வந்து சேர்ந்தது.