கச்சானும் வைக்கோலும்

கச்சான் தொடங்கிவிட்டது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர்களுக்குக் கச்சான் என்றால் கொறிக்கிற கச்சான்தான். காற்றுக் கச்சானை அறிந்தவர்கள், இறக்காமத்துக்கு அப்பால் மலையடி வட்டைகளில் வயல் செய்கிற நாம்.

தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஊவா மலைகளைத் தாண்டி நம் பக்கம் இறங்குகிறது. காய்ந்த காற்று 100 மீற்றர் இறங்கினால் ஏறக்குறைய 1 பாகை சூடேறும். நுவரெலியாவில் குடை பிடிக்கிற நாட்களில் நமக்கு உதடு வெடிப்பது இதனால்தான்.

இந்தக் காற்று வீசும்போதே சிறுபோக அறுவடையும் வருகிறது. சூடடித்த காலத்தில் வைக்கோல் ஒரே இடத்தில் குவிந்திருக்கும், மாட்டுக்காரர் ஏற்றிப் போவார். இப்போது வெட்டு மெஷின் அதை வயலெல்லாம் பரப்பிவிட்டுப் போகிறது. ஒரு நெருப்புக்குச்சியோடு வேலை முடிகிறது. ஆனால் வரம்புக்கு அங்கால் இலுக்குப் புல், அதற்கு அங்கால் பற்றைக்காடு. நடுவில் நம் வாடிகள்.

போன வருடம் யாரோ பக்கத்தில் வைத்த தீ எங்கள் வாடிக் கூரையைப் பிடித்தது. கிடுகு எரிய எவ்வளவு நேரம் வேண்டும்? தண்ணீர்ப் பம்பும் இரண்டு மூட்டை விதைநெல்லும் போயின. முல்லைக்காரர் வழமையாக அந்த நேரம் உள்ளேதான் படுத்திருப்பார். அன்று குளிக்கப் போயிருந்தார், அல்ஹம்துலில்லாஹ்.

வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் வாளியால் அள்ளி ஊற்றலாம். வரட்சி வருடத்தில் அதுவும் இல்லை. சேனாநாயக்க சமுத்திரம் 770,000 ஏக்கர் அடி பிடிக்கிற குளம்தான், ஆனால் குளம் இறங்கினால் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறவனுக்குத்தான் முதலில் நிற்கும். 2016, 2017 வரட்சியை மறந்திருக்க மாட்டீர்கள். மழை வேண்டி மைதானத்தில் கையேந்துகிறோம், அடுத்த கிழமை அதே கையால் வைக்கோலுக்குத் தீ மூட்டுகிறோம்.

சாம்பல் உரம்தானே என்பார்கள். சாம்பலில் பொட்டாசியம் மிஞ்சும், நைதரசன் அநேகமாக முழுவதும் புகையோடு போய்விடும். 2021-இல் யூரியா இல்லாமல் நாம் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்.

வட்டவிதானையிடம் பேசிவிட்டோம். சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு, வெயில் ஏறுமுன், ஒவ்வொரு வாடியைச் சுற்றியும் பத்தடிக்குப் புல்லைச் செதுக்கி வெறுந்தரையாக்கப் போகிறோம். மண்வெட்டி, கத்தி உள்ளவர்கள் கொண்டு வாருங்கள். தேநீர் நம் பொறுப்பு. வைக்கோல் மாட்டுக்கு வேண்டுமென்றால் இப்போதே வந்து ஏற்றலாம், காசு வேண்டாம். மிச்சத்தைப் பெரும்போக மழை விழுந்ததும் உழுது மண்ணுக்குள் தள்ளுவோம்.