உணவுப் பட்டியலில் விடுபட்ட ஒருவர்



"குடும்பமொன்றுக்கான உணவுப் பட்டியலைத் திட்டமிடும்போது கவனிக்க வேண்டிய காரணிகள் எவை?" மனைப்பொருளியல் பாடத்தில் நீங்கள் பலமுறை எழுதிப் பார்த்த வினாதான் இது. அங்கத்தவர் எண்ணிக்கை, வயது, தொழில், உடல்நிலை, வருமானம், பருவகாலம், நேரம், எரிபொருள் என ஒரே மூச்சில் சொல்லிவிடுவீர்கள். நானும் அப்படித்தான் மனனஞ் செய்தேன். பின்னர் ரியூசன் வகுப்பில் கற்பித்தும் வந்தேன். ஆனால் அவ்விடையின் பொருளை 2022 ஆம் ஆண்டில்தான் விளங்கிக்கொண்டேன்.

அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக உயர்ந்தது. அதாவது, முந்திய ஆண்டில் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா தேவைப்பட்டது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதால் நெல் விளைச்சல் குறைந்திருந்தது. வெளிநாட்டுச் செலாவணி இல்லாததால் பருப்பும் கோதுமை மாவும் எட்டாத விலைக்குச் சென்றன.

ஆரையம்பதியில் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, அக்கா, அக்காவின் மகள், நான் என ஐந்து பேர். சாப்பாட்டுக்கு வாரம் 6,000 ரூபாவுக்கு மேல் செலவிட முடியாத நிலை. வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குச் செல்லும் பங்கு கூடும் என்பதை ஜேர்மனியரான ஏர்ன்ஸ்ட் ஏங்கல் 1857 இலேயே எடுத்துக்காட்டினார். அத்தகைய வீட்டில் திட்டம் பிழைத்தால் ஈடுசெய்ய வேறு பணம் இராது.

நான் கொப்பியை எடுத்துப் புத்தகத்தில் உள்ளபடியே பட்டியல் போட்டேன். தினமும் பால், ஞாயிறு கோழி. வியாழக்கிழமை பணம் முடிந்துவிட்டது. அம்மா சிரித்துவிட்டு, "முதல்ல வீட்டில என்ன கிடக்கு என்று பார் மகள். பிறகு எழுது" என்றார்.

அடுத்த வாரம் அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். அரிசிக்கும் மாவுக்கும் 2,800 ரூபா, பருப்பு, பயறு, கௌபிக்கு 900, மீனுக்கும் முட்டைக்கும் 1,200, தேங்காய், எண்ணெய், சரக்குக்கு 700, மரக்கறிக்கு 400. மீனின் பெயரை எழுத அம்மா விடவில்லை. வாவியில் அன்று எது மலிவாகப் படுகிறதோ அதுதான் கறி. மீன் விலை ஏறினால் நெத்தலிக் கருவாடு. படுவான்கரையிலிருந்து வரும் மரக்கறியில் எது அதிகமோ அதை வாங்குவோம். கச்சான் காற்றில் மற்றக் கீரைகள் வாடினாலும் வளவில் நின்ற முருங்கை வாடவில்லை. இரவுச் சோற்றில் மிஞ்சியது காலையில் பழஞ்சோறானது. விறகும் மிச்சமானது.

இதில் நீங்கள் படிக்கும் போசணை அறிவும் இருக்கிறது. அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய உண்டு. பருப்பில் குறைவாக உள்ள மெதியோனின் அரிசியில் உண்டு. ஆகவே சோறும் பருப்பும் சேரும்போது புரதத்தின் தரம் உயர்கிறது. முருங்கையிலைச் சுண்டலை அடுப்பிலிருந்து இறக்கிய பின் தேசிக்காய் பிழிந்தால், அதிலுள்ள விற்றமின் சி இரும்புச்சத்தை உடல் உறிஞ்ச உதவும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அந்த உறிஞ்சல் குறையும்.

மூன்றாம் வாரப் பட்டியலை நானே எழுதினேன். கணக்கு 6,000 ரூபாவுக்குள் சரியாக நின்றது. பெருமையோடு அக்காவின் மகளிடம் காட்டினேன். அவள் அப்போது சாதாரண தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சின்னம்மா, செவ்வாய் நாலு முட்டை, சனி நாலு முட்டை என்று எழுதியிருக்கிறீங்க. நாம அஞ்சு பேரெல்லோ?"

எனக்குப் பதில் வரவில்லை. "எனக்கு முட்டை பிடிக்காது" என்று அம்மா சொல்வதைச் சிறு வயது முதல் கேட்டு வந்தேன். மீன் குறைந்த நாட்களில் அவருக்கு மீனும் பிடிக்காது. எல்லோரும் சாப்பிட்டபின் சட்டியில் ஒட்டிய குழம்போடு சோற்றைப் பிசைந்து சாப்பிடுவார். நான் அதைக் கண்டேன். ஆனால் கணக்கில் எடுக்கவில்லை. விடையில் முதலாவதாக எழுதும் காரணி அங்கத்தவர் எண்ணிக்கை. அதிலேயே நான் பிழைவிட்டிருந்தேன்.

கூடுதல் பணம் இருக்கவில்லை. ஆகவே வாரம் இருமுறை நான்கு முட்டைக்குப் பதிலாக ஒருமுறை ஐந்து முட்டை என மாற்றினோம். மிஞ்சிய மூன்று முட்டைக் காசுக்குக் கௌபி கொஞ்சம் கூட்டி வாங்கினோம். கொப்பியில் "யாருக்கு எவ்வளவு?" என்று புதிதாக ஒரு நிரலும் கீறினேன். அந்தச் செவ்வாய் இரவு அம்மாவின் கோப்பையில் முட்டையை வைத்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை. முழுவதையும் சாப்பிட்டார்.

மாணவர்களே, பரீட்சையில் காரணிகளை வரிசையாக எழுதுங்கள், புள்ளி கிடைக்கும். வீட்டில் பட்டியல் போடும்போது செலவைக் கூட்டிப் பார்த்ததோடு நின்றுவிடாதீர்கள். தலைகளையும் எண்ணிப் பாருங்கள். சமைப்பவரை விட்டுவிட்டு எண்ணாதீர்கள்.

செயற்பாடு: உங்கள் வீட்டில் ஒரு வாரம் சமைத்த உணவுகளையும், அவற்றை யார் யார் எவ்வளவு உண்டார்கள் என்பதையும் அட்டவணைப்படுத்துக. செலவைக் கூட்டாமல் அதில் செய்யக்கூடிய இரண்டு மாற்றங்களைக் காரணத்துடன் எழுதுக.