மைக்காவிலிருந்து தொடங்கு

மர்சா ஆலம், எகிப்து

அன்புள்ள யாழினிக்கு,

சித்தப்பா எழுதுவது. நான் நலம். பாட்டியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. அடுத்த முறை மறக்காதே.

ப்ராஜெக்டுக்குத் தாதுப் படிவங்களை எடுத்திருப்பதாகச் சொல்லி, எந்தக் கனிமத்தை முதலில் படிப்பது என்று கேட்டிருந்தாய். தங்கம், செம்பு என்று ஓடாதே. மைக்காவைப் படி. உன் வகுப்பில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பது தெரியும். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

நான் இருக்கும் இந்தக் கிழக்குப் பாலைவனமும் செங்கடலுக்கு அக்கரையில் சவூதியின் மேற்குப் பகுதியும் ஒரே அரேபிய-நூபியக் கேடயப் பாறைதான். சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் பிளவு விழுந்து, நடுவில் கடல் புகுந்துவிட்டது. பாறைகளில் பெரும்பாலானவை 55 முதல் 90 கோடி ஆண்டு பழையவை. இங்கே மண்ணும் செடியும் மூடாததால் எல்லாம் வெட்டவெளிச்சமாகக் கிடக்கிறது.

தங்கம் இருக்கும் குவார்ட்ஸ் நரம்பை மட்டும் பார்க்காதே. அதன் இரு ஓரத்தையும் பார். நரம்பிலிருந்து தள்ளி இருக்கும் கிரானைட்டில் ஃபெல்ட்ஸ்பார் பளிச்சென்று, கத்திக்கு அசையாமல் இருக்கும். நரம்பை நெருங்க நெருங்க அது மங்கி, இளம்பச்சையாகி, பட்டுப்போல் மினுங்கும். கத்தி வைத்தால் சுரண்டிக்கொண்டு வரும். அதுதான் செரிசைட், பொடி மைக்கா. வெடிப்பு வழியே ஏறிவந்த வெந்நீர்க் கரைசல் ஃபெல்ட்ஸ்பாரைத் தின்று அதை விட்டுப் போயிருக்கிறது. அதே கரைசலில் கந்தகத்தோடு பிணைந்து தங்கமும் வந்தது. பாறையிலுள்ள இரும்பு அந்தக் கந்தகத்தை இழுத்துப் பைரைட்டாக மாற, பிணைப்பு அறுந்து தங்கம் படிந்தது. இங்கிருந்து தென்மேற்கே உள்ள சுகாரிச் சுரங்கத்தில் தங்கமும் பைரைட்டும் செரிசைட்டும் சேர்ந்தே கிடப்பது இதனால்தான். நரம்பின் அகலம் ஒரு சாண் என்றாலும் மைக்கா படர்ந்த ஓரம் அதைவிடப் பல மடங்கு அகலமாக இருக்கக்கூடும். தேடுகிறவனுக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான்.

வாடி சிகைத்தில் கதை இன்னும் அழகு. ரோமானியர் மரகதம் தோண்டிய பள்ளத்தாக்கு அது. பாறையில் குடைந்த கோயில் இன்றும் நிற்கிறது. மரகதத்துக்குப் பெரிலியமும் வேண்டும், பச்சை நிறம் தரக் குரோமியமும் வேண்டும். முன்னது கிரானைட் வகைப் பாறையின் சொத்து, பின்னது செர்பென்டைன் வகையின் சொத்து. இயல்பாக இரண்டும் ஓரிடத்தில் சேராது. இரு பாறைகளும் ஒட்டும் இடத்தில் சூடான கரைசல் பாய்ந்தபோது, பொட்டாசியத்தைக் கொண்டுபோய் செர்பென்டைனைக் கருமையான மைக்காப் பாறையாக்கியது. அந்த மைக்காவுக்குள்தான் மரகதம் விளைந்தது. கையால் அழுத்தினாலே செதில் செதிலாக உதிரும் அந்தப் பாறையை உனக்குக் காட்ட வேண்டும்.

கி.மு. 1150 வாக்கில், நான்காம் ராம்சேஸ் காலத்தில், இதே பாலைவனத்தில் உள்ள வாடி ஹம்மாமத்தை வரைந்த பாப்பிரஸ் வரைபடம் டூரினில் இருக்கிறது. பாறைக்குப் பாறை நிறம் மாற்றித் தீட்டி, தங்கம் கிடைக்கும் மலைகளைக் குறித்திருக்கிறார்கள். பாறையின் நிறத்தைக் கவனித்தவர்கள் அவர்கள்.

மைக்கா காலக்கணக்கும் சொல்லும். அதன் பொட்டாசியம்-40, 125 கோடி ஆண்டு அரையாயுளோடு சிதைந்து ஆர்கானைத் தருகிறது. பயோடைட் என்ற மைக்கா சுமார் 300 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறியதும் அந்த ஆர்கான் வெளியேறாமல் தங்கிவிடும். ஆகவே அது காட்டுவது பாறை பிறந்த நாளை அல்ல, ஆறிய நாளை. இதை ரிப்போர்ட்டில் குழப்பிவிடாதே.

ஒன்று செய். லேபில் மைக்காவையும் குளோரைட்டையும் பக்கத்தில் வைத்து, மெல்லிய தகடு ஒவ்வொன்று உரித்து வளை. மைக்கா துள்ளித் திரும்பும். குளோரைட் வளைந்தபடியே நிற்கும். பிறகு, நரம்பின் குறுக்கே வரிசையாக எடுத்த துண்டுகளுக்குத் தின் செக்ஷன் கேள். நரம்பை மட்டும் வெட்டித் தந்தால் வாங்காதே, ஓரமும் சேர்த்து வேண்டும் என்று சொல். படங்களை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
சித்தப்பா