புரதத்துக்கும் உண்டு ட்ரயல் பேலன்ஸ்!

பி.காம். படித்தவனுக்குப் புரதத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு வந்துவிட்டால் நம்மில் பாதிப் பேர் அரை டாக்டர். எனக்கு அந்தப் பட்டம் பெரியப்பா உபயம்!

ராயபுரத்திலிருந்து நடந்தே ஹார்பர் வேலைக்குப் போய் வந்தவர் அவர். டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணி எண்ணிக் கோடு போட்ட கை, இப்போது காபி டம்ளரைப் பிடித்தால் பாதி லுங்கிக்குப் போகிறது. பார்க்கின்சன்.

"மூளையில டோபமைன்னு ஒரு சரக்கு குறைஞ்சு போச்சு. அதை வாங்கிக்கறதுக்குன்னே அங்க ஏற்பின்னு புரதம் இருக்கு, பூட்டு மாதிரி. சாவிதான் சப்ளை இல்லை" என்றார் டாக்டர்.

"பூட்டோட வடிவம் எப்படி சார் தெரியும்?" என்றேன். அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

தேடிப் படித்தால், பதிலில் பாதி நம்ம கிண்டியில் இருக்கிறது! ஜி.என்.ராமச்சந்திரன். 1952-ல், ஏறக்குறைய முப்பது வயதில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானவர். தோலிலும் தசைநாரிலும் இருக்கிற கொலாஜன் என்ற புரதத்தைக் கையில் எடுத்தார். அது மூன்று இழை முறுக்கு என்று 1954-ல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார்.

மறு வருஷமே ஆட்சேபணை. டி.என்.ஏ. புகழ் ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், அந்த மாடலில் அணுக்கள் ரொம்பவே நெருக்கியடித்து நிற்பதாகச் சொன்னார்கள்.

நம்ம ஆபீஸாக இருந்தால்? மேனேஜர் ஃபைலில் சிவப்பு மையில் சுழித்தால், கேன்டீனில் ஒரு வாரத்துக்கு அதுதான் பேச்சு. ராமச்சந்திரன் வேறு வழியில் போனார். அணுக்கள் அதிகபட்சம் எவ்வளவுதான் நெருங்கலாம் என்று, அதுவரை வெளிவந்த படிக ஆராய்ச்சிகளையெல்லாம் அலசினார். வி.சசிசேகரன், சி.ராமகிருஷ்ணன் இருவரோடும் சேர்ந்து 1963-ல் ஒரு வரைபடமே போட்டுவிட்டார்.

எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரி திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். முன்பக்கம் ஓரளவுதான் வளையும்; மீறினால் பின்னால் இருக்கிற பெட்டியில் இடிக்கும். புரதம் என்பது அப்படி நூற்றுக்கணக்கான பெட்டிகள் கோத்த லாரி. ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு திருப்பம். எந்தக் கோணத்தில் இடிக்கும், எதில் இடிக்காது என்று சொல்வதுதான் ராமச்சந்திரன் வரைபடம்.

எங்கள் பாஷையில் ட்ரயல் பேலன்ஸ்! டேலி ஆகிவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. ஆகவில்லையென்றால் எங்கேயோ இடிக்கிறது. புதுப் புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடிப்பவர்கள் இன்றைக்கும் இதில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். டி3 என்கிற டோபமைன் ஏற்பியின் வடிவம் 2010-ல் வெளியானது. அந்த மாதிரிப் பூட்டுகளுக்கும் இதே சோதனைதான்.

அதைப் பார்க்க அவர் இல்லை. 1970-களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் துறையை உருவாக்கினார். நோபல் வரவில்லை. படிகவியலுக்கான எவால்ட் பரிசு 1999-ல் வந்தது. அதற்குள் அவரையே பார்க்கின்சன் பிடித்திருந்தது. 2001 ஏப்ரலில் சென்னையில் காலமானார். பூட்டுக்குக் கணக்குச் சொன்னவருக்கே சாவி பற்றவில்லை.

நாளைக்கு உங்கள் ஃபைலில் சிவப்புச் சுழி விழுந்தால், கேன்டீனுக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு தடவை அளந்து பாருங்கள். அவருக்கு எட்டு வருஷம் ஆனது. நமக்கு எட்டு நிமிஷம் போதும்!