ஒரு சுவர், இரண்டு வீடு

கும்பகோணம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வரும்? கொழுந்து வெற்றிலை, டிகிரி காபி, மகாமகக் குளம்... எனக்கோ இனிமேல் கிரைண்டர் சத்தம்தான்!

அம்மா வீட்டில் பிரசவம் முடிந்து, கைக்குழந்தையோடு தங்கை கும்பகோணம் திரும்பியிருந்தாள். ஒத்தாசைக்கு நாலு நாள் இருந்துவிட்டு வரலாமென்று தஞ்சாவூரில் ரயிலேறினேன். வழியெல்லாம் சம்பா நடவு முடிந்த வயல்கள், பச்சைப் பசேலென்று. நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தேன்.

தங்கை வீடு பழைய காலத்து வரிசை வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி நீண்டு போகும். பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் நடுவே ஒரே சுவர்.

விடியற்காலை நாலரை மணிக்குக் கடகடவென்று அந்தச் சுவரே அதிர்ந்தது. குழந்தை வீறிட்டது. பக்கத்து வீட்டம்மா இட்லி மாவு அரைத்து விற்கிறாராம்.

"தினமும் இந்தக் கூத்துதான் அக்கா. நானும் கரண்டியால சுவரைத் தட்டிப் பார்த்துட்டேன். ரெண்டு மாசமா பேச்சு வார்த்தை கிடையாது" என்றாள் தங்கை, அழாத குறையாக. சுவர் முழுக்க முட்டை அட்டை வேறு ஒட்டியிருந்தாள். அது அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்குமே தவிர, அடுத்த வீட்டுச் சத்தத்தைத் தடுக்காது.

சாயங்காலம், சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வளர்ந்த வீட்டைப் பார்க்கப் போனோம். 2003-ல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கி, நினைவில்லமாகக் காத்து வருகிறது. அங்கே சின்னப் படுக்கையறையில் தெரு ஜன்னலோரம் ஒரு கட்டில். அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. நம் வீட்டில் தொட்டில் பொதுச்சுவரை ஒட்டியல்லவா தொங்குகிறது!

திரும்பியதும் சுவரில் காதை வைத்துப் பார்த்தோம். செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய தடிச்சுவர். பேச்சுக்குரலை நன்றாகவே தடுக்கிறது. விளக்கு வைக்கும் மாடப்பிறையில் மட்டும் கனம் பாதிதான். அங்கே பக்கத்து வீட்டு ரேடியோ கேட்டது! கிரைண்டர் விஷயம் வேறு. அதன் அதிர்வு தரையிலும் சுவரிலும் இறங்கி வருகிறது. அது புறப்படும் இடத்தில்தான் அடக்க வேண்டும்.

குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபலுக்கு மேல் கூடாது என்று 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. "புகார் கொடுத்துடலாமா?" என்றாள் தங்கை. "முதல்ல குழந்தையைத் தூக்கிண்டு வா" என்று பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

அந்த அம்மா குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "ராத்திரி இவன் அழுதா எங்க மாமியாருக்குத் தூக்கமே போயிடும். பச்சைக் குழந்தையாச்சே, எப்படிச் சொல்றதுன்னு சும்மா இருந்தேன்" என்றார். தங்கை தலை குனிந்தாள்.

மறுநாளே கிரைண்டர் கொல்லைத் தாழ்வாரத்துக்குப் போயிற்று. அடியில் கனமான ரப்பர் விரிப்பு. சுவரைத் தொடாமல் ஒரு முழ இடைவெளி. அரைப்பதும் ஆறு மணிக்கு மேல்தான். எங்கள் பக்கம் மாடப்பிறையைச் செங்கல் வைத்துப் பூசினோம். துணி நிறைந்த பீரோவைப் பொதுச்சுவரோரம் தள்ளி, தொட்டிலை எதிர்ப்பக்கம் மாற்றினோம். பாட்டிக்கும் அழுகைச் சத்தம் குறைந்தது.

சத்தம் அடியோடு நின்றதா? இல்லை. ஊருக்குக் கிளம்பிய அன்று ஆறரை மணிக்கு எங்கோ தூரத்தில் மாதிரி ஒரு முனகல். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான்.

உங்கள் வீட்டிலும் இப்படியா? சுவரைத் தட்டுவதற்கு முன், கதவைத் தட்டிப் பாருங்களேன்!