வீட்டுக்கு ஒரு நல்ல சைக்கிள்

ஒரு பொருளின் அருமை அஃது இல்லாதபோதுதான் தெரியும் என்பர். சைக்கிளின் அருமையோ ஏனைய வாகனங்கள் ஓடாதபோதுதான் எம்மவர்க்குத் தெரிகின்றது. 1990ஆம் ஆண்டுகளில் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் காண்டற்கரிய பண்டமாயிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் ஆசிரியரும் எழுதுவினைஞரும் வியாபாரிகளும் சைக்கிளிலேயே தத்தம் கடமைக்குச் சென்றனர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது, முதியோரையும் பாத்திர பண்டங்களையும் சுமந்து சென்றவற்றுள் சைக்கிள்களே மிகுதி. பின்னர் 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக நாடு முழுவதும் வரிசையில் நின்றபோது, கொழும்பு மாநகரிலுங்கூடச் சைக்கிள் கடைகளில் கூட்டம் கூடியது, விலையும் ஏறியது.

அந்த நெருக்கடி தணிந்தபின், அவசரத்தில் வாங்கிய சைக்கிள்கள் பல தாழ்வாரங்களிற் சாய்ந்து துருவேறிக் கிடக்கின்றன. இதற்குச் சோம்பலை மாத்திரம் காரணமாகக் கூறுதல் நியாயமன்று. உடலளவுக்கு ஒவ்வாத சைக்கிள் முதுகையும் முழங்காலையும் வருத்தும். மட்காட் இல்லாத சைக்கிள் மாரிகாலத்தில் உடையெல்லாம் சேறாக்கும். கரியர் இல்லாவிடிற் சாப்பாட்டுப் பையைத் தோளிலே சுமக்க வேண்டும். இவ்வாறு நாள்தோறும் தொல்லை தரும் வாகனத்தை எவர்தாம் விரும்பி எடுப்பர்?

எமது மகளுக்கு உத்தியோகம் கிடைத்தபோது இவ்விடயம் எமது வீட்டிலும் விவாதத்துக்கு வந்தது. காரியாலயம் 6 கிலோமீற்றர் தூரம். பஸ் நேரத்துக்கு வருவதில்லை. மாதத் தவணைக்கு ஒரு ஸ்கூட்டர் எடுக்கலாம் என்று உறவினர் சொன்னார்கள். “முதற் சம்பளத்திலேயே கடன்காரியாக வேண்டாம் அப்பா, எனக்குச் சைக்கிள் போதும்” என்றாள் மகள். “மழையும் இருட்டும் வந்தால் என்ன செய்வாய் பிள்ளை?” என்று கேட்டார் அவள் அம்மம்மா. இரண்டு பேரும் கூறியவற்றில் நியாயம் இருந்தது. பெற்றோராகிய எமக்கு ஒன்று தெளிவாயிற்று: சைக்கிள்தான் என்றால், அம்மம்மாவின் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய சைக்கிளாக அஃது இருத்தல் வேண்டும்.

முதலிற் பார்க்க வேண்டியது நிறத்தையோ பெயரையோ அன்று, அளவையே. சட்டகத்தின் அளவு, பெடல் அச்சிலிருந்து இருக்கைக் குழாயின் மேல் நுனி வரை அங்குலத்திற் கூறப்படும். பார் உள்ள சைக்கிளாயின், அதன்மேற் காலை அகட்டி நின்றால் இரு பாதங்களும் நிலத்திற் படிய வேண்டும். பாருக்கும் உடலுக்கும் இடையே ஓரிரு அங்குலமாவது இடைவெளி வேண்டும். “பிள்ளை வளருவான்தானே” என்று பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு 24 அங்குலச் சட்டகம் வாங்கிக் கொடுப்பது ஆபத்தானது. சடுதியாக நிற்பாட்டும்போது அவனுடைய கால் நிலத்தை எட்டாது.

இருக்கையின் உயரத்தை அறிவதற்கு எளிய வழி உண்டு. ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, இருக்கையில் அமர்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிக்காலை அதன்மேல் வைக்க வேண்டும். கால் நேராக நீண்டிருந்தால் அதுவே தக்க உயரம். பாதத்தின் முற்பகுதியால் உழக்கும்போது முழங்கால் சிறிதே மடிந்திருக்கும். எம்மவருட் பலர் இருக்கையை மிகத் தாழ்த்தி ஓடுகின்றனர். சிறிது தூரத்திலேயே முழங்கால் நோவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம். அதனைச் சரிப்படுத்துவதற்குச் செலவு எதுவுமில்லை, ஒரு சாவி போதும்.

அடுத்தது சில்லு. எமது பாட்டன்மார் ஓடிய உயர்ந்த கறுப்புச் சைக்கிள்களுக்கு 28 அங்குலச் சில்லும் ஒன்றரை அங்குல ரயரும் பூட்டப்பட்டிருந்தன. பள்ளந்திட்டியான ஒழுங்கைகளில் அவை சொகுசாக ஓடும், ஆனால் பாரமானவை. 26 அங்குலச் சில்லு குட்டையானவர்களுக்கும் பெண்களுக்கும் கைக்கடக்கமானது. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. 26 அங்குலம் என்று சொல்லப்படும் ரயர்கள் யாவும் ஒன்றல்ல. 1⅜ என்று குறித்த ரயர் 590 மில்லிமீற்றர் றிம்முக்கு உரியது, 1.75 என்று குறித்த பருத்த ரயர் 559 மில்லிமீற்றர் றிம்முக்கு உரியது. ஒன்றின் றிம்மில் மற்றொன்று ஏறாது. ஆகையால் உமது சைக்கிள் ரயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இலக்கத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுதல் நன்று. எமது ஊர்க் கடையிலே எந்த ரயர் எப்போதும் கிடைக்கும் என்று விசாரித்த பின்னரே சைக்கிளைத் தெரிவு செய்தோம்.

கியர் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. கண்டி, பதுளை போன்ற மலைப் பிரதேசங்களில் அது மிகவும் வேண்டும். தட்டையான யாழ்ப்பாணத்தில் எமக்கு ஏற்றம் மலையன்று, காற்றே. முன்னே 44 பல்லும் பின்னே 18 பல்லும் உள்ள 28 அங்குலச் சைக்கிள், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் முன்னேறும். பின்பல்லை 20 ஆக்கினால் அஃது ஐந்து மீற்றருக்குச் சற்றுக் குறையும். வேகம் குறைந்தாலும் சோளகக் காற்றை எதிர்த்து உழக்குவது இலகுவாகும். கியர் இல்லாச் சைக்கிளுக்கு இச்சிறு மாற்றமே பெரிய உதவி. கியர் வேண்டுமென்பவர்க்கு, பின்சில்லின் குடத்தினுள்ளே அடங்கிய மூன்று கியர் அமைப்பு மிக நல்லது. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் 1902ஆம் ஆண்டளவில் ஸ்ரேமி ஆச்சர் நிறுவனத்தார் உற்பத்தி செய்யத் தொடங்கிய வகை அது. சேறும் உப்புக்காற்றும் அதன் பற்களை அணுகா. வெளியே தொங்கும் 18, 21 கியர் அமைப்புகள் பார்வைக்கு அழகியவை. ஆனால் கடற்கரைப் பிரதேசத்தில் அடிக்கடி துடைத்து எண்ணெயிட நேரமுள்ளவர்க்கே உரியவை.

பிறேக் விடயத்திற் சிக்கனம் கூடாது. வெள்ளி போற் பளபளக்கும் இரும்பு றிம் நனைந்தால் பிறேக் கட்டை வழுக்கும். காய்ந்த வீதியில் நிற்கும் தூரத்தைப் போலப் பன்மடங்கு தூரம் சென்றே சைக்கிள் நிற்கும். அலுமினிய றிம் நனைந்தபோதும் ஓரளவு நன்றாகப் பிடிக்கும். எத்தகைய றிம்மாயினும், மழையில் நிற்க வேண்டிய இடத்துக்கு முன்னரே பிறேக்கை மெல்ல அழுத்தி நீரைத் துடைத்துவிட வேண்டும். இரு பிறேக்கையும் சேர்த்துப் பிடித்தல் வேண்டும்.

இனி அம்மம்மாவின் இருட்டுக்கு வருவோம். முன்னாளில் ரயரில் உராய்ந்து சுழலும் டைனமோவே எமக்கு ஒளி தந்தது. 6 வோல்ற், 3 வாற் அளவிலான அந்தச் சிறு கருவி, மின்சாரமும் பெற்றரியும் இல்லாத தடைக்காலத்தில் எமது வீடுகளில் வானொலியையும் இயக்கியது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, வீட்டார் யாவரும் செய்தி கேட்டனர். ஆனால் சைக்கிள் நின்றவுடன் டைனமோ ஒளியும் நின்றுவிடும். சந்தியிலே வாகனங்களுக்கிடையில் நிற்கும்போது ஒளி இல்லாமை அபாயம். ஆகையால் மின்னேற்றக்கூடிய எல்.ஈ.டி. விளக்கையே மகளுக்குப் பூட்டினோம். முன்விளக்கு வழியைக் காட்டும். பின்னே எரியும் சிவப்பு விளக்கோ உயிரைக் காக்கும். விளக்கு அணைந்தாலும் அணையாத சிவப்பு றிப்ளெக்டர் ஒன்றும் மட்காட்டிலே இருத்தல் வேண்டும்.

மழைக்கு விடை முழு நீள மட்காட்டுகளும், முன்மட்காட்டின் நுனியில் தொங்கும் றப்பர்த் துண்டும், கரியரில் மடித்து வைத்த மழைக்கோட்டுமாம். செயினை முழுவதும் மூடும் கவர் இருந்தால் உடையிற் கறை படியாது. சேலை உடுத்து ஓடுவோர் பின்சில்லின் இரு புறமும் வலை பூட்டுதல் அவசியம். முந்தானை கம்பிகளிற் சிக்கி விழுந்தவர்களை நாம் கண்டிருக்கின்றோம். பாரமான பொருள்களைக் கான்டிலில் தொங்கவிடாது பின்கரியரில் இறுகக் கட்டுதல் வேண்டும். பூட்டானது சில்லை மாத்திரமன்றிச் சட்டகத்தையும் ஓர் அசையாத் தூணுடன் சேர்த்துப் பிணைப்பதாக இருத்தல் நன்று. கடும் மழையும் இடியும் உள்ள நாளில் பஸ்ஸிற் போவது என்பதும் எமது உடன்பாட்டில் ஒன்று. அதைக் கேட்ட பின்னரே அம்மம்மா சம்மதித்தார்.

தொழிலுக்கு மாத்திரம் ஓடினால் சைக்கிள் கடமையாகிவிடும். ஞாயிறு காலையில் அதனை இன்பத்துக்காகவும் ஓட்ட வேண்டும். பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் செல்வது எமக்கு மிக விருப்பம். இரு மருங்கும் ஆழமற்ற கடல், நீர்ப்பறவைகள், மீன்பிடிக்கும் களங்கண்ணிகள். சோளகம் வீசும் மாதங்களிற் போகும்போது எதிர்காற்று, வரும்போது துணைக்காற்று. களைத்த கால்களுக்கு அஃதே நன்று. வாடைக்காலத்தில் இது தலைகீழாகும். போகும்போது காற்றுத் தள்ளிச் செல்வதை எமது பலமென்று நம்பி வெகுதூரம் போய்விடலாகாது. அவ்வழியில் நிழல் அரிது. வெயில் ஏறுமுன் திரும்புதலும் தண்ணீர் கொண்டு செல்லுதலும் வேண்டும்.

பராமரிப்புக்கு வாரத்தில் அரைமணி நேரம் போதும். காற்றுக் குறைந்த ரயர் எளிதில் வெடிக்கும், உழக்கவும் பாரமாகும். முட்கிளுவை வேலி வெட்டும் காலத்தில் ஒவ்வொரு மாலையும் ரயரைத் தடவிப் பார்த்து முள்ளை அகற்றினால் ஒட்டுப் போடும் செலவு குறையும். செயினின் 24 கண்ணிகள் புதிதிற் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது 12⅛ அங்குலமாக நீண்டால் செயினை மாற்ற வேண்டும். மாற்றாவிடிற் பற்களும் தேய்ந்து செலவு பெருகும்.

எமது மகள் இப்பொழுது ஓராண்டாக அச்சைக்கிளிலேயே காரியாலயம் செல்கின்றாள். தவணைப் பணமாகப் போயிருக்க வேண்டியது அவளது வங்கிப் புத்தகத்தில் இருக்கின்றது. அம்மம்மா மாத்திரம் இன்னமும் ஆறு மணியானதும் படலைக்கு வந்து நிற்கின்றார். ஒழுங்கையின் திருப்பத்திற் சிறு வெள்ளை ஒளி தோன்றியபின்னரே உள்ளே போவார். சைக்கிள் வாங்க எண்ணும் வாசகர்களே, கடைக்குப் போகுமுன் அந்தச் சைக்கிளில் ஏறப்போகின்றவரது உயரம், உடை, பாதை, திரும்பும் நேரம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்; விலையைப் பற்றி அதற்குப் பின்னர் பேசலாம்.